கல்லாச் சாவி கைமாறுவதற்கு முன்: குடும்பத் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக ஒரு வழிகாட்டி

வருடத்துக்குச் சில கோடி விற்றுவரவு உள்ள ஒரு ஜவுளிக்கடை, தறிக்கூடம், ஜாப் ஒர்க் யூனிட், ஹார்டுவேர் கடை, லாரி சர்வீஸ் என்று ஏதோ ஒன்றை வைத்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதியது இது. அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகளில் ஒருவர் கல்லூரியில், ஒருவர் படித்து முடித்தாயிற்று. "எனக்கு அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க" என்பதைத் தாண்டி வேறு ஏற்பாடு எதுவும் இல்லை. அந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

சொத்து கைமாறுவது ஒரு வேலை, தொழில் செய்யும் தெம்பு கைமாறுவது இன்னொரு வேலை. முதலாவதை வக்கீலும் ஆடிட்டரும் சேர்ந்து ஆறு மாதத்தில் முடித்துவிடுவார்கள். இரண்டாவதற்கு எட்டு, பத்து வருடம் பிடிக்கும். முதலாவதை மட்டும் முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம். எஸ்டிடி பூத்தையும் கேசட் கடையையும் அப்படியே வாங்கிக்கொண்ட பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1900-இல் பர்மாவின் மௌல்மேனில் கொடுக்கல் வாங்கல் கடையாகத் தொடங்கிய முருகப்பா குழுமம், 1930-களில் அங்கிருந்து முதலைத் திருப்பிக்கொண்டு வந்து, 1949-இல் சென்னையில் சைக்கிள் செய்ய இறங்கியது. அந்தக் கடையை மட்டும் கொடுத்திருந்தால் அது பர்மாவோடு போயிருக்கும். புதிதாக ஒன்றில் இறங்கும் பழக்கமும் சேர்ந்து கைமாறியிருந்ததால் அடுத்த தொழில் வந்தது.

கீழே சொல்வதை வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றில் கைவைக்காதீர்கள்.

1. என்ன இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது

ஒரு நீள நோட்டு போதும். நான்கு கட்டம்: பொருள், யார் பெயரில், அதன் மேல் என்ன கடன், காகிதம் எங்கே. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிந்துவிடும். இடம், கட்டடம், மெஷின், வண்டி, சரக்கு இவற்றை யாரும் மறப்பதில்லை. விட்டுப்போவது வேறு சில.

கடைப் பெயரின் டிரேட்மார்க் ஒன்று. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அது, தாத்தா பெயரிலேயே கிடக்கும் அல்லது என்றோ பிரிந்துபோன பெரியப்பா பெயரில் இருக்கும். அம்மா பெயரில் வாங்கிய இடத்தில் அப்பா பெயரிலுள்ள தொழில் நடக்கும், வாடகை ஒப்பந்தமே இருக்காது. அப்பா அடுத்தவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உண்டு. அதுவரை ஏறிய பொறுப்புக்கு அவர் காலத்துக்குப் பிறகும் அவர் விட்டுச்சென்ற சொத்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியாகக் கைமாற்று. யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு என்பது அப்பாவின் மனக்கணக்கில் மட்டும் இருந்தால், வரவேண்டிய பாக்கி அவரோடு போய்விடும். கொடுக்கவேண்டியவர்கள் மட்டும் பதினாறாம் நாள் காரியத்துக்கே வந்து நிற்பார்கள்.

இந்த நோட்டை வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் கணக்கு முடிக்கும் நேரத்தில் திருத்துங்கள். குறைந்தது இரண்டு பேருக்கு அது இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

2. வீட்டுச் செலவும் கல்லாவும்

மளிகைக்குக் கல்லாவில் எடுப்பது, மகளின் ஃபீஸைக் கடைக் கணக்கில் போடுவது, கல்யாணத்துக்குக் கேஷ் கிரெடிட்டில் இழுப்பது எல்லாம் பல வீடுகளில் சாதாரணம். இதில் முதலில் அடிபடுவது லாபக் கணக்கு. கடை உண்மையில் சம்பாதிக்கிறதா என்று அப்பாவுக்கே தெரியாதபோது, பிள்ளை வந்தபின் கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? அடுத்தது பேங்க். கேஷ் கிரெடிட் என்பது சரக்குக்கும் பாக்கிக்கும் எதிராகக் கொடுத்த பணம். அதைக் கல்யாணத்துக்கு எடுத்துவிட்டால் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கு குறையும், எடுக்கக்கூடிய வரம்பு சுருங்கும், தீபாவளிக் கொள்முதலுக்குப் பணம் இருக்காது.

செய்ய வேண்டியது எளிது. மாதம் 2 லட்சம் லாபம் வரும் கடை என்றால், ஒன்றாம் தேதி வீட்டுக்கு ஒரே தொகையாக, உதாரணத்துக்கு 80,000, பேங்க் வழியாகப் போகட்டும். அதற்குமேல் தேவைப்பட்டால் நோட்டில் எழுதி, யாருடைய கணக்கில் பற்று என்று குறித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனுக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, வருடத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த அரிசியும் பணமும். கூரை ஒன்றுதான், வரவுசெலவு வேறு. இருபது வயதிலேயே ஒரு வரம்புக்குள் குடும்பம் நடத்திக் கணக்கு எழுதிப் பழகியவர்கள், பிறகு கடல் கடந்து பெரிய முதலைக் கையாளப் போனார்கள். இன்றைக்கு இதைத் தனிக் குடித்தனம் என்று தவறாக எடுத்துக்கொள்ளும் மாமியார்கள் உண்டு. முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிள்ளைக்கும் முதல் மாதத்திலிருந்தே சம்பளம். அதே வேலைக்கு வெளியாளுக்கு என்ன கொடுப்பீர்களோ அது. "வேணும்கிறப்ப எடுத்துக்கோ" என்பது தாராளமாகத் தெரியும், ஆனால் முப்பது வயதிலும் பெட்ரோலுக்குக் கைநீட்ட வைப்பது அதுதான். அந்த வயதில் வரும் மருமகளின் கண்ணில் இது முதல் வாரத்திலேயே படும்.

3. வெளியே அனுப்பி, கீழிருந்து ஏற்றுவது

படிப்பு முடிந்ததும் இரண்டு மூன்று வருடம் வேறொருவரிடம் வேலை. இதே துறையில் உங்களைவிடப் பெரிய நிறுவனம், அல்லது உங்களுக்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனி நல்லது. வேறு ஊராக இருக்க வேண்டும். அப்பாவின் நண்பர் கடையில் சேர்த்துவிடுவது பயனில்லை, அங்கேயும் அவன் முதலாளி மகன்தான்.

பழைய லேவாதேவிக் கடைகளில் இது ஒரு முறையாகவே இருந்தது. பெட்டியடிப் பையனாக (எடுபிடி வேலைக்கு) சேர்ந்து, அடுத்தாளாகி (உதவியாளர்), பிறகுதான் மேலாளாக (கடையை நடத்துபவர்) பொறுப்பேற்க முடியும். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் சம்பளத்துக்குப் போனார்கள். சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழிலை அங்கேயே மாதக்கணக்கில் தங்கிப் பழகி, மெஷினோடு ஊர் திரும்பினார்கள்.

திரும்பி வந்த பிள்ளைக்கு மூன்று வருடப் படிகள். குடோனில் நான்கு முதல் ஆறு மாதம்: சரக்கு இறக்குவது, பில்லோடு சரிபார்ப்பது, எது எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று பட்டியல் எடுப்பது. கவுண்டரில் ஆறு மாதம். வசூலில் ஒரு முழு வருடம். அதன் பிறகு கொள்முதல், கடைசியில் கணக்கு. கொள்முதலை முதலில் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்க வருகிறவனைச் சப்ளையர்கள் விருந்து வைத்து வரவேற்பார்கள், ஒரு சீசனில் குடோன் நிறைந்துவிடும்.

வசூலுக்கு ஏன் ஒரு வருடம்? தொழில் புரிவது அங்கேதான். காலையில் பாக்கிப் பட்டியலை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரிக்க வேண்டும். 90-ஐத் தாண்டியவர்களை நேரில் பார்க்க வேண்டும். ஒரு வியாபாரி டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, அப்பா நல்லா இருக்காரா?" என்று அரைமணி நேரம் பேசி, பத்து நாள் தள்ளித் தேதி போட்ட செக்கைக் கையில் வைப்பார். செக் திரும்பினால் என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ், கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு தேதி தவறினாலும் கேஸ் ஆட்டம் காணும். உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருந்தால், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சட்டத்தைவிட முக்கியமாக அவன் கற்பது, யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பதை. இதைப் பாடமாகச் சொல்லித்தர முடியாது. வெயிலில் நான்குமுறை ஒரே படியேறி வெறுங்கையோடு இறங்கினால் தானாக வரும்.

இந்தக் காலத்தில் பிள்ளை யாருக்குப் பதில் சொல்வது? அப்பாவுக்கு வேண்டாம். குடோன் பொறுப்பில் இருக்கும் பழைய அண்ணாச்சியிடம், கணக்குப் பிள்ளையிடம் விடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவர்கள் சொன்னதை அப்பா மாற்றக் கூடாது. முதல் நாளே கேபினும் விசிட்டிங் கார்டில் 'எம்.டி.' என்றும் போட்டுக்கொடுத்தால், இருபது வருட ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தவறு நடக்கும்போதும் மூடிக்கொண்டே இருப்பார்கள்.

4. தோற்றாலும் தாங்கும் அளவுக்கு ஒரு புது முயற்சி

நடக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டவர் நல்ல மேனேஜர் ஆகலாம். புதிதாகத் தொடங்கும் கை வர வேண்டுமானால் சொந்தமாக ஒன்றைத் தொடங்கித்தான் ஆக வேண்டும், அதுவும் சொந்தப் பணம் போல் வலிக்கும் பணத்தில். கடலூரில் சாஷே ஷாம்பு போட்ட சின்னி கிருஷ்ணனின் மகன் சி.கே. ரங்கநாதன், சகோதரர்களின் வெல்வெட் நிறுவனத்திலிருந்து விலகி 15,000 ரூபாயோடு 1983-இல் சிக் ஷாம்பு தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கெவின்கேர். எல்லாப் பிள்ளையும் வீட்டைவிட்டு வெளியேறித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குள்ளேயே அந்த நெருக்கடியை உண்டாக்கலாம்.

தொகை: ஆண்டு நிகர லாபத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு. 24 லட்சம் லாபம் என்றால் 6 லட்சம். ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். சோதனைக்கு 1.5 லட்சம், மூன்று மாதம் திரும்பத் திரும்ப ஆர்டர் வந்தால் 2 லட்சம், விற்றதற்குச் சொந்தமாக வசூல் செய்து காட்டினால் மீதி 2.5 லட்சம். கடனாகக் கொடுத்தால் வட்டி விகிதத்தோடு எழுதுங்கள், பேங்க் வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயிலிருந்து மேலே கடனை ரொக்கமாகக் கைமாற்றுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

நிறுத்தும் கோடு: தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். போட்டதில் 60 சதவீதம் கரைந்தால், அல்லது 24 மாதத்தில் மாதச் செலவைத் தன் வரவிலேயே சமாளிக்க முடியவில்லை என்றால், மூடுவது. மூடியதைப் பற்றிக் கல்யாண வீட்டில் பேசுவதில்லை என்றும் ஒரு வரி சேர்க்கலாம், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தோற்றதைச் சொந்தக்காரர்கள் மத்தியில் சொல்லிக்காட்டிய வீட்டில் இரண்டாவது முயற்சி நடப்பதே இல்லை.

எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஜவுளிக்கடைக்காரர் மகள் ஆன்லைனில் சேலை விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா கடையிலிருந்து "வித்தா காசு" என்று எடுக்கிறாள். 900 ரூபாய்ச் சேலை 1,400-க்குப் போகிறது, ஒன்றுக்கு 500 லாபம் என்று வீடே சந்தோஷப்படுகிறது. பத்துச் சேலை அனுப்பி இரண்டு திரும்பி வருகிறது என்று போடுங்கள், ஜிஎஸ்டியைத் தள்ளிவைப்போம். எட்டுச் சேலையில் மிச்சம் 4,000. கூரியர் 80 வீதம் பத்துக்கு 800, திரும்பி வந்ததற்கு 160. விளம்பரம் ஆர்டருக்கு 180 வீதம் 1,800. பேக்கிங் 200. ஆக 2,960 போக, நிற்பது 1,040. திரும்பி வந்த இரண்டும் மடிப்புக் கலைந்து ஒவ்வொன்றும் 500-க்குத்தான் போகும் என்றால் இன்னும் 800 போகும். பத்துச் சேலைக்கு மிச்சம் 240 ரூபாய். திரும்பி வந்த அந்த இரண்டும் அப்பாவின் அலமாரிக்கே போனால் இந்த 800 அவளுடைய கணக்கில் ஏறவே ஏறாது. அதனால்தான் தனி பேங்க் கணக்கு, தனிப் பதிவு, அப்பா கடையிலிருந்து எடுத்தாலும் பில். கடை ஆளை இலவசமாக வேலை வாங்கக் கூடாது. அப்பாவின் ஜாமீன் கூடவே கூடாது. அது வந்துவிட்டால் நிறுத்தும் கோட்டுக்கு அர்த்தமில்லாமல் போய், பழைய தொழிலும் சேர்ந்து ஆபத்தில் நிற்கும்.

அரசு மானியத்தை நம்பித் திட்டம் போடுபவர்கள் கவனிக்க: தமிழ்நாட்டின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. அப்பாவின் தொழிலை விரிவாக்க அது வராது.

5. தொழில் எந்த உருவத்தில் இருக்கிறது

தனி உரிமையாளர் தொழில்தான் மிக ஆபத்தானது, மிகப் பரவலானதும் அதுதான். சட்டத்தின் கண்ணில் கடையும் அப்பாவும் ஒருவரே. அவர் இறந்தபின் அவருடைய பான், ஜிஎஸ்டி, பேங்க் கணக்கில் தொழிலைத் தொடர முடியாது. வாரிசு 30 நாளுக்குள் புதிய ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பழைய பதிவை ரத்து செய்யக் கேட்க வேண்டும், பயன்படுத்தாமல் நிற்கும் உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டி, விற்கும்போது கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்தில் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். ரத்து முதலில் நடந்து, மாற்றம் பிறகு என்றால் வரவு சிக்கிக்கொள்ளும். வரிசை முக்கியம்: புதுப் பதிவு, மாற்றம், அதற்குப் பிறகு ரத்து. பழைய வரிப் பாக்கி இருந்தால் தொழிலைத் தொடரும் வாரிசிடம்தான் கேட்பார்கள்.

அப்பா நன்றாக இருக்கும்போதே கூட்டுத் தொழிலாகவோ பிரைவேட் லிமிடெடாகவோ மாற்றிவிடுவது எவ்வளவோ மேல். நிதியாண்டுத் தொடக்கத்தில் செய்யுங்கள், கணக்கு வெட்டு சுத்தமாக இருக்கும். இதிலும் ஐடிசி-02 உண்டு, கூடவே ஆடிட்டர் சான்றிதழும் வேண்டும். பழைய பேங்க் கணக்கை உடனே மூடாதீர்கள், பழைய பெயரில் வரும் செக்குகள் சில மாதம் வந்துகொண்டிருக்கும்.

கூட்டுத் தொழிலுக்கு 1932-ஆம் ஆண்டுச் சட்டம். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். "இறப்பால் கலையாது, மீதிப் பங்குதாரர்கள் தொடர்வார்கள்" என்ற ஷரத்தைக் கட்டாயம் போடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: அப்பா, மகன் என்று இரண்டே பேர் இருந்தால் அந்த ஷரத்து உதவாது. ஒருவரை மட்டும் வைத்துக் கூட்டு இருக்க முடியாதே. மூன்றாவதாக அம்மாவையோ மகளையோ மருமகளையோ சேர்க்க வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளையை லாபத்தில் மட்டும் சேர்க்கலாம். வயது வந்தபின் ஆறு மாதத்துக்குள் 'பங்குதாரராக விருப்பமில்லை' என்று அறிவிக்காவிட்டால் அவர் முழுப் பங்குதாரர் ஆகிவிடுவார், கடனுக்கும் சேர்த்து. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கி வசூலுக்கு வழக்குப் போட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பேங்க் பக்கம் ஒன்று. கேஷ் கிரெடிட் நிலுவையில் இருக்கும்போது பங்குதாரர் இறந்தால், இறந்தவரின் பொறுப்பு எவ்வளவு என்று நிறுத்திக்கொள்வதற்காக பேங்க் அந்தக் கணக்கின் நடமாட்டத்தை முடக்கும். புதுக் கணக்கு திறக்கும்வரை சம்பளம் கொடுக்க வழியிருக்காது. ஒரு மாதச் செலவுக்கான தொகை வேறொரு பேங்க்கில், குடும்பத்தில் இன்னொருவர் எடுக்கக்கூடிய கணக்கில் எப்போதும் இருக்கட்டும்.

கம்பெனியாக இருந்தால் தொழில் நிற்காது, பங்குகள்தான் கைமாறும். நாமினி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நாமினி சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிடமாட்டார், பங்குகள் வாரிசுகளுக்கே சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. உயில் வேண்டும். கம்பெனியின் சங்க விதிகளில் (ஆர்ட்டிகிள்ஸ்), பங்கை விற்பதானால் முதலில் குடும்பத்துக்குள் கேட்ட பிறகே வெளியே என்ற ஷரத்தும் வேண்டும்.

6. சட்டப்படி வாரிசு யார்

இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் போனால் அவருடைய சுயசம்பாத்தியம் மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா ஆகியோருக்குச் சம பங்கு. அந்த அம்மா, அதாவது பாட்டி, பலருடைய கணக்கில் வருவதில்லை. ஒரு மகன், ஒரு மகள், மனைவி, பாட்டி என்றால் பாட்டிக்குக் கால் பங்கு. பாட்டியும் உயிலில்லாமல் போனால் அந்தக் கால் பங்கில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பங்கு வந்துவிடும். கடையில் ஒருநாளும் நிற்காதவர்கள் பங்காளி ஆவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பூர்வீகச் சொத்தில் மகள் பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது, அன்று கல்யாணமாகாத மகள்களுக்கு. 2005 திருத்தம் எல்லா மகளுக்கும் கொடுத்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு" என்பது சட்டத்தில் பாகப்பிரிவினை இல்லை. மகள் மனமொப்பி விட்டுக்கொடுக்கிறாள் என்றால் தொகை குறிப்பிட்டு விடுதலைப் பத்திரம் பதியுங்கள். அதற்கு முன், அவளுக்குத் தொழிலில் விருப்பம் உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். முருகப்பா குடும்பத்திலேயே, 2017-இல் இறந்த எம்.வி. முருகப்பனின் மகள் முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டது 2020-இல் வாக்கெடுப்பில் தோற்று, சமரசம் 2023-இல்தான் வந்தது.

உயிலுக்கு இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள். பங்கு பெறுபவரைச் சாட்சியாக்க வேண்டாம். உயிரோடிருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதுபவர்கள், "எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பிள்ளை கைவிட்டால் மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரி உதவும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டமே வேறு. உதாரணமாக, வாரிசுகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் முஸ்லிம் ஒருவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

7. விலகுவதற்கு ஒரு கதவு

அண்ணன் தம்பி வரை வாய்ப்பேச்சில் ஓடும். அவர்கள் பிள்ளைகள் வந்ததும் ஓடாது. நான்கு பேர் உழைக்க, ஏழு பேர் பங்கு கேட்கும் நிலை அப்போது வரும். அதற்கு முன் இரண்டு பக்கத்துக்கு ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதுங்கள். வேலைக்கு வரத் தகுதி என்ன (வெளி அனுபவம் இரண்டு வருடம் என்பதை இங்கே கட்டாயமாக்குங்கள்), சம்பளம் எப்படி, எத்தனை லட்சத்துக்கு மேல் எல்லோர் கையெழுத்தும் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம், அதில் குடும்பத்துக்கு வெளியே ஒருவர். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் நல்ல தேர்வு. கடன் வாங்குபவரின் முகம் பார்த்துப் பழகியவர், உங்கள் வீட்டு விருந்துக்கு மயங்கமாட்டார்.

எல்லாவற்றிலும் முக்கியம் விலகும் விலை. சண்டை வருவதற்கு முன், யாருக்கும் விலகும் எண்ணம் இல்லாதபோதே சூத்திரத்தை எழுத வேண்டும். ஒரு வழி: இடத்தைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விலைக்குத் திருத்திய நிகரச் சொத்து, அதோடு நற்பெயருக்காக மூன்று வருடச் சராசரி லாபத்தில் ஒரு வருடத் தொகை. நிகரச் சொத்து 1.2 கோடி, சராசரி லாபம் 24 லட்சம் என்றால் மொத்தம் 1.44 கோடி. மூன்று சம பங்கில் ஒருவர் விலகினால் 48 லட்சம். அதில் 12 லட்சம் உடனே, மீதி 36 லட்சம் எட்டு காலாண்டில் 4.5 லட்சம் வீதம், வட்டியோடு. மொத்தத்தையும் ஒரே நாளில் கொடு என்றால் கடையை விற்றுத்தான் கொடுக்க முடியும். எழுதாவிட்டால் கூட்டுச் சட்டப்படி, கணக்கு தீரும்வரை விலகியவர் தன் பணம் ஈட்டிய லாபத்தையோ 6 சதவீத வட்டியையோ, எது தனக்கு நல்லதோ அதைக் கேட்கலாம். பங்குதாரர் மாறும்போது மூலதன ஆதாய வரி வரக்கூடும், கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பிரிவது தோல்வி என்று எண்ண வேண்டாம். 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் குடும்பக் கிளைகள் 2020 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு, யார் எந்த நிறுவனத்தை நடத்துகிறார்களோ அவர்களுக்கே அதன் உடைமை என்று 2022-இல் பிரித்துக்கொண்டன.

8. சாவி

கையெழுத்து அதிகாரம் படிப்படியாகப் போகட்டும். முதல் வருடம் 50,000 வரை, இரண்டாம் வருடம் 3 லட்சம் வரை, மூன்றாம் வருடம் கடன் வாங்குவது தவிர எல்லாம். பெரிய சப்ளையர்கள், பெரிய வாடிக்கையாளர்கள் ஒரு இருபது பேரை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நேரில் போய்ப் பாருங்கள். "இனிமே ரேட்டு, டிஸ்கவுண்ட் எல்லாம் தம்பிதான்" என்று அப்பா வாயால் சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். பழைய வாடிக்கையாளர் அப்பாவின் செல்லுக்குப் போன் போட்டு, "என்னண்ணே, பையன் ரெண்டு பர்சன்ட் குறைக்க மாட்டேங்கிறான்" என்பார். அப்பா ஒருமுறை குறைத்துக் கொடுத்துவிட்டால் அடுத்த நாள் பத்துப் போன் வரும். மகன் கடையில் உட்கார்ந்திருக்கும் பொம்மை ஆகிவிடுவான். அப்பாவுக்குச் சொல்ல ஒரே பதில் போதும்: "அவன்கிட்டயே பேசுங்க." அவருக்கும் தெளிவான ஒரு வேலை இருக்கட்டும். புது இடம் பார்ப்பது, பழைய பாக்கி, கோவில் கமிட்டி எதுவானாலும் சரி, கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் வேண்டாம்.

கடைசியாகக் காகித வேலை. பேங்க்கில் புதுக் கையெழுத்து மாதிரி கொடுத்து, பழைய செக் புத்தகத்தில் மீந்த தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் கையொப்ப அதிகாரியை மாற்றுங்கள், டிஜிட்டல் கையொப்பம் புதிதாக வாங்குங்கள். மின் இணைப்பு, வாடகை ஒப்பந்தம், உத்யம், தொழில் உரிமம், உணவுத் தொழிலானால் அதன் உரிமம் என்று ஒவ்வொன்றிலும் பெயரைப் பாருங்கள். இவை எல்லாவற்றிலும் பதிந்திருக்கும் செல் நம்பரையும் மின்னஞ்சலையும் முதலில் மாற்றிவிட வேண்டும். பல கடைகளில் அந்த நம்பர் வேலையை விட்டுப்போன அக்கவுண்டண்ட்டுடையதாக இருக்கும். ரிட்டர்ன் கட்டும் 20-ஆம் தேதி இரவு ஓடிபி அவருடைய போனுக்குத்தான் போகும்.